துண்டுக்குள் ஒரு கை

கல்லாங்காட்டுச் சந்தையில் மாட்டின் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் தன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளுக்கும் மேலே போடுவார். உள்ளே விரல்கள் பேசிக்கொள்ளும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு, பாதியில் மடக்கினால் எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்குள் இருக்கும் பாஷை. வெளியே நிற்கிறவனுக்குத் தெரிவது ஒன்றுதான். இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் துண்டு மட்டும் எலி புகுந்தது போல நெளிந்துகொண்டிருக்கும்.

சென்னியப்பன் கறுப்பு மீசையோடு இந்தச் சந்தைக்குத் தரகராக வந்தவர். இப்போது மீசை நரைத்து, அதற்குச் சாயம் பூசுவதையும் விட்டாயிற்று. அவரைக் கேட்டால், விரல் சொல்வது வெறும் விலை, உள்ளங்கை சொல்வதுதான் விஷயம் என்பார். விலை பிடிக்கவில்லை என்றால் எதிராளியின் கை ஒரு நூல் பின்வாங்கும். ஆசை வந்துவிட்டால் அவன் கட்டைவிரல் அவனை அறியாமல் உங்கள் மணிக்கட்டை ஒரு தடவு தடவிவிடும். அந்த ஒரு தடவு போதும். அதற்கப்புறம் அவன் எவ்வளவு வேண்டா வெறுப்பாக முகத்தைத் திருப்பினாலும் மாடு கைமாறியது மாதிரிதான். வாயும் முகமும் வியாபாரத்துக்குப் பழகியவை. துண்டுக்குள் போன கைக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை.

இதெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் வருவதற்கு முன்பு. இப்போது துண்டுக்குள் அவர் பிடிப்பதெல்லாம் விறகு.

ஈக்காய்ச்சல் என்று ஒன்று வந்தது. மாட்டு ஈ கடித்து, மாட்டிலிருந்து மனிதனுக்கும் மனிதனிலிருந்து மாட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்த கிருமி. முதலில் காய்ச்சல், பிறகு தூக்கம், பிறகு அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போவது. ஒரே மழைக்காலத்தில் சந்தையில் பாதித் தரகர்கள் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி அரசாங்கம், சர்க்கரைத் தண்ணீர் என்று ஊர் பெயர் வைத்த மருந்தைக் கொடுத்தது. கொடுப்பதற்கு முன்னால் மெஹருன்னிசா என்ற டாக்டரம்மா ஒரு கட்டைவண்டியின் மேல் ஏறி நின்று விளக்கம் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். மாடு விற்க வந்திருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பார் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது.

"அந்தக் கிருமி ஒரு சட்டை போட்டுக்கிட்டுத் திரியுது. நம்ம ஒடம்புல இருக்கற காவல்காரங்க சட்டையை அடையாளம் பாத்து அடிக்க வர்றதுக்குள்ள, வேற சட்டை மாத்திக்கும். அதனால சட்டையைத் துரத்திப் பிரயோசனம் இல்ல. சட்டை மாட்டியிருக்கற கொக்கியைத்தான் பிடிக்கணும். அந்தக் கொக்கி சர்க்கரையால ஆனது. பாசிமணி கோக்கற மாதிரி ஒவ்வொரு சர்க்கரையாக் கோத்துத்தான் வளருது. கோக்கற ஆளுக்குப் பேரு நொதி. நாங்க என்ன பண்றோம்னா, அந்த ஆளு கையில ஒரு போலிச் சர்க்கரையைக் குடுத்துடறோம். பாத்தா அசலாட்டவே இருக்கும். ஆனா அடுத்த மணியைக் கோக்க அதுல துளை கெடையாது. கொக்கி பாதியில நின்னுபோகும், சட்டை கழண்டு விழுந்துரும். அம்மணமா நிக்கற திருடனைப் பிடிக்கறது ஒரு வேலையா?"

கூட்டம் சிரித்தது. சென்னியப்பன் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம ஒடம்புல அந்தக் கொக்கி இல்லீங்களா அம்மா?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் நின்றார். "இருக்குது. ஆனா நம்ம ஆளு கெட்டிக்காரன். போலியைக் கண்டுபிடிச்சுத் தள்ளிருவான்."

அவர் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு கண நிற்பு சென்னியப்பனுக்குப் பழக்கமானது. பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டதும் மாட்டுக்காரன் நிற்கிற நிற்பு அது. போதாததற்கு, முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவன் தரகனே இல்லை என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. முதல் சரக்கை ஊர் வாங்கட்டும். குணம் தெரிந்த பிறகு அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம். தம்ளரை வாயில் கவிழ்த்து, குடித்ததற்கு அடையாளமாகச் சுண்டுவிரல் நகத்தில் மை வாங்கிக்கொண்டு, நர்சுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, வைக்கோல் லாரிக்குப் பின்னால் போய்த் துப்பினார்.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, பெண்கள் வரிசையில் அவர் மனைவி பாவாயி தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்தாள். கண்ணைக் காட்டியிருந்தால் போதும். அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சுத் தேவைப்பட்டதில்லை. அவர் காட்டவில்லை. வீட்டில் ஒருத்தராவது குடித்தால்தானே குணம் தெரியும் என்று அந்த நேரத்தில் மனசு ஒரு கணக்குப் போட்டது. பாவாயி குடித்தாள்.

அடுத்த சரக்கு வரவே இல்லை. முதல் சரக்கிலேயே காய்ச்சல் ஒழிந்துவிட்டது.

போனது காய்ச்சல் மட்டுமல்ல என்பதை ஊர் ஒப்புக்கொள்ள மாதங்கள் ஆயின. குத்தினால் வலித்தது. சுட்டால் சுட்டது. அழுத்திப் பிடித்தால் தெரிந்தது. மெல்லத் தொட்டால் மட்டும் ஒன்றுமில்லை. உடம்பின் எல்லா மூலையிலும் போலியைத் தள்ளிவிட்ட அந்தக் கெட்டிக்கார நொதி, தோலுக்கடியில் வருடலை உணர்கிற மெல்லிய நரம்பில் மட்டும் ஏமாந்துபோயிருந்தது. அங்கேயும் கொக்கி அறுந்து, மாட்டியிருந்தது கழன்று, நரம்பின் நுனி காய்ந்தது. காய்ந்தது திரும்ப முளைக்கவில்லை. இதை ஆஸ்பத்திரியில் போய் யார் சொல்வார்கள்? டாக்டர், என் வீட்டுக்காரர் கன்னத்தைத் தொட்டால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல எந்தப் பெண் வரிசையில் நின்று சீட்டு வாங்குவாள்?

முதலில் கண்டுபிடித்தது சலூன்காரர்கள். தலையைப் பிடித்துவிடச் சொல்லி உட்கார்ந்து தூங்கிப்போகிற வாடிக்கை நின்றுபோனது. பிறகு புதுக் கல்யாண ஜோடிகள் காரணம் தெரியாமல் சண்டை போட்டார்கள். தொட்டதைத் தெரிவிக்க ஜனங்கள் அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கைகொடுத்தால் எலும்பு நொறுங்குகிற மாதிரி கொடுத்தார்கள். முதுகில் தட்டினால் இருமல் வந்தது. அப்புறம் அதுவும் சலித்து, தொடுவதையே விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆள் மேல் சாய்ந்து தூங்குகிறவன்கூட மனுஷன் மேல் சாய்ந்த மாதிரி தூங்கவில்லை, கம்பியில் சாய்ந்த மாதிரித் தூங்கினான். மருந்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் உணர்ச்சி இருந்தது. கிருமிதான் ஒழிந்துபோயிற்றே என்று அவர்களுக்கு மருந்து கொடுக்கவில்லை. அந்தக் குழந்தைகள் தாயின் புறங்கையில் தங்கள் பிஞ்சுக் கையை வைத்துத் தேய்த்தன. தாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை பேர் நடுவில் சென்னியப்பன் ஒருவருக்கு மட்டும் தொட்டால் தெரிந்துகொண்டிருந்தது.

ஆரம்பத்தில் அது லாபமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எதிராளியின் கை மரத்துப்போயிருக்க, இவர் கை மட்டும் அதன் சூட்டையும் வேர்வையையும் படித்தது. தொட்ட பேரமெல்லாம் படிந்தது. ஆனால் போகப்போக ஒன்று உறைத்தது. முன்பெல்லாம் துண்டுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது அவர் மட்டும்தான் இருக்கிறார். எத்தனை கை வந்தாலும் அவர் மட்டும்தான்.

வீட்டிலும் அப்படித்தான். மாலையில் பாவாயி பீரோக் கண்ணாடிக்கு முன்னால் மணையில் உட்கார்ந்து பூ கட்டுவாள். இவர் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொடுப்பார். அவள் நாரை இழுத்துக்கொண்டே பால்காரர் கணக்கையோ பக்கத்து வீட்டுச் சண்டையையோ சொல்வாள். முன்பெல்லாம் ஈ உட்கார்ந்தால்கூட அவள் தலை ஒரு தரம் அசையும். இப்போது அசையாது. ஒருநாள் அவர் பொறுக்கமாட்டாமல் கையை எடுத்துவிட்டார். எடுத்ததும் அவளுக்குத் தெரியவில்லை. பால்காரர் கதை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் குடிக்கவில்லை என்று அவளிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தார். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: என்னை ஏன் குடிக்கவிட்டீர்கள்? அதற்கு அவரிடம் விலை இல்லை.

ஜெபமணி சந்தைக்கு வந்தது நல்ல மழை பெய்து ஈ மொய்த்த ஒரு புரட்டாசியில். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பால் பண்ணைக்கு மாடு பிடிக்க வந்திருப்பதாகச் சொன்னார். நாற்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, சாணியை மிதிக்காமல் நடக்கத் தெரியாத செருப்பு. ஒரு மயிலைப் பசுவைக் காட்டினார் சென்னியப்பன். துண்டைப் போட்டு, விறகைப் பிடிக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு கையை விட்டார்.

விரல் நுனி பட்டதும் உள்ளேயிருந்த கை சிலிர்த்தது.

இவர் கையும் சிலிர்த்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சென்னியப்பன் விலை சொல்ல மறந்துபோனார். சொல்லாத விலைக்கு அந்தக் கை எதிர்விலை சொன்னது. கட்டைவிரல் மெல்ல நகர்ந்து அவர் மணிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. அது மாட்டுக்கான ஆசை இல்லை என்பது தரகருக்கு விளங்கியது. அந்தப் பசுவைப் பேசி முடிக்க மற்ற நாளில் ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆகும். அன்றைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்ன தரகரே, மாடு வாங்குறாங்களா இல்ல ஊரையே வாங்குறாங்களா என்று கேட்கும்படி ஆனது. கடைசியில் விலை படியவில்லை. படியாமல் போனதில் இருவருக்குமே வருத்தமில்லை.

அடுத்த சந்தைக்கும் ஜெபமணி வந்தார். அதற்கடுத்ததற்கும் வந்தார். ஒவ்வொரு முறையும் வேறு மாடு, அதே துண்டு, படியாத விலை. சந்தை நாளைத் தவிர மற்ற நாட்களில் சென்னியப்பனுக்கு வேலை ஓடவில்லை. வயசான காலத்தில் இது என்ன கூத்து என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் சுலபமாக இருந்தது: தொட்டால் தெரிகிற ஒரு மனிதன் இருக்கிறான். அவனோடு பேசக்கூட வேண்டியதில்லை.

இந்த ஆள் மாட்டு வியாபாரி இல்லை என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். கேட்கவில்லை.

ஐந்தாவது சந்தைக்கு ஜெபமணி வந்தபோது துண்டைப் போட விடவில்லை. டீ குடிக்கலாம் என்று சொல்லிக் கடைக்குப் பின்னால், கழுவின தம்ளர் காய்கிற பெஞ்சுக்கு அழைத்துப்போனார்.

"அண்ணாச்சி, நான் யாவாரி இல்ல."

"தெரியுமுங்க. பல்லைப் பாக்காம வாலைப் பாத்தப்பவே தெரியும்."

"பொறவு ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க வரமாட்டீங்க."

ஜெபமணி டீயை ஒரு பக்கம் வைத்தார். குடிக்கவில்லை. பூசாரிபாளையத்தில் ஒரு குழந்தைக்கு ஈக்காய்ச்சல் வந்திருப்பதாகச் சொன்னார். எட்டு மாதக் குழந்தை. அந்த வீட்டில் கட்டியிருப்பது சென்னியப்பன் பேசி முடித்த செவலைப் பசு. அதற்கு முன்னால் வேறு இரண்டு ஊர்களில் மாட்டு ரத்தத்தில் கிருமி தெரிந்தது. அந்த மாடுகளும் விற்பனைக்கு முன் இவர் தொழுவத்தில் கட்டியிருந்தவை.

"எனக்குக் காய்ச்சலே வந்ததில்லீங்களே."

"சிலர் ஒடம்புல அது அப்படித்தான் கெடக்கும், அண்ணாச்சி. வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி. வீட்டுக்காரனுக்கே தெரியாது. சட்டையை மாத்திக்கிட்டே இருக்கதால ரத்தத்தைச் சோதிச்சாலும் சிக்காது. ஒங்களைக் கடிச்ச ஈ மாட்டைக் கடிக்கும். மாடு ஊரு ஊராப் போவும். இந்த வருசம் மழை, ஈ அதிகம்."

ஏட்டின்படி எல்லாரும் குடித்தவர்கள்தான். விரல் மை அழிந்து வெகுகாலமாகிவிட்டது. குடிக்காதவனைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அவனைத் தொட்டுப் பார்ப்பது. அதற்குத் தொடத் தெரிந்த கை வேண்டும். ஆகவே சுகாதாரத் துறை சில பேருக்கு மருந்து கொடுக்காமலே வைத்திருந்தது. அவர்கள் ஈ வலைக்குள் தூங்கவேண்டும், கிருமி அண்டாமலிருக்க வாரா வாரம் மாட்டுக்கு ஏற்றுகிற மாதிரி ஒரு ஊசி போட்டுக்கொள்ளவேண்டும், கல்யாணம் கூடாது. ஜெபமணி அதில் ஒருவர். ஊர் ஊராகப் போய், தெரிகிற கையைக் கண்டுபிடித்து, அதைத் தெரியாமல் ஆக்கிவிட்டு வருவதுதான் அவருடைய உத்தியோகம். இதை அவர் சொன்ன விதத்தில் அனுதாபம் தேடுகிற தொனி இல்லை. சம்பளம் நல்ல சம்பளம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

"அந்தக் கொழந்தை?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"பொழைச்சிட்டு. மருந்து குடுத்தாச்சி." அவர் பெஞ்சின் விளிம்பைப் பார்த்தார். "இன்னொரு பிள்ளைக்கு வந்துச்சின்னா, ஜில்லா பூராவும் இருக்க அத்தனை பிள்ளைக்கும் குடுக்கச் சொல்லி உத்தரவு தயாரா இருக்கு. தொட்டா தெரியுத பிள்ளைன்னு ஒண்ணுகூட மிஞ்சாது."

சென்னியப்பன் டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கவிழ்த்தார். பிறகு ஒரு தரகர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். "என்னைக் கண்டுபுடிச்சது எப்போ?"

"மொத நாளு."

"அந்தக் கொழந்தைக்கு வந்தது?"

"மூணாவது சந்தைக்குப் பொறவு."

சந்தையில் ஒரு கன்று தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தது. ஜெபமணி தன் வலதுகையை இடதுகையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. முதல் நாளே எழுதி அனுப்பியிருக்கவேண்டும். இன்னும் ஒரு சந்தை, இன்னும் ஒரு சந்தை என்று தள்ளிப்போட்டதை அவர் வாய் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்த நான்கு சந்தைகளிலும் துண்டுக்குள் இருந்த மற்றொரு கை சென்னியப்பனுடையதுதான்.

"நாளைக்குக் காலையில வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க," என்றார் சென்னியப்பன். "எனக்கு ஊட்டுல ஒரு சோலி பாக்கி இருக்குது."

பாவாயி அன்றைக்கும் மணையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் கட்டிலில் உட்காராமல் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, வைக்கோல் லாரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் நடுவில் பேசவில்லை. நாரைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்.

"எனக்குத் தெரியுமுங்க," என்றாள்.

"எது?"

"நீங்க குடிக்கலைன்னு. இந்த ஊருல எந்த ஆம்பளையாவது பொண்டாட்டி தலையைத் தடவறானா? தடவற கைக்கும் ஒண்ணும் தெரியாது, தலைக்கும் ஒண்ணும் தெரியாதுன்னா எவன் அதைப் பண்ணுவான்? நீங்க தெனமும் பண்ணுனீங்க." கண்ணாடியை நோக்கித் தலையை ஆட்டினாள். "தடவறது எனக்குத் தெரியாது. தடவறப்ப உங்க மூஞ்சி அதுல தெரியுமல்லங்க. நான் அதைப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

அவள் மல்லிகையை அடுக்கிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், மீதியையும் சொன்னாள்.

"ஆனா அன்னைக்கு வரிசையில நின்னப்ப நான் உங்களைத்தான் பாத்தேன். கண்ணைக் காட்டியிருக்கலாம்."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பூவை முடித்துத் தண்ணீர் தெளித்து இலையில் சுற்றி வைத்துவிட்டு, அவரை மணையில் உட்காரச் சொன்னாள். தான் கட்டிலில் உட்கார்ந்து, விளக்கு வைக்கும்வரை அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். எவ்வளவு அழுத்தவேண்டும் என்பது அவள் கைக்கு மறந்துபோயிருந்தது. சில நேரம் காற்றுப் போலப் பட்டது, சில நேரம் முடியைப் பிடித்து இழுத்தது. சென்னியப்பன் கண்ணாடியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

காலையில் ஜெபமணி வந்தார். தொழுவத்தில் மாடு ஒன்றும் இல்லை. விடிவதற்கு முன்பே துறை ஆட்கள் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஜெபமணி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தார். உள்ளே இருந்தது பழைய சரக்கேதான், நிறம்கூட மாறவில்லை. குடித்து அரைநாளில் வேலை செய்யும் என்றார். நேற்றுப் போட்ட சட்டையையே போட்டிருந்தார்.

சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். பழக்கம்தான். இருவர் கைகளுக்கும் மேலே போட்டார்.

உள்ளே அவர் ஒரே ஒரு விரலை மடக்கிக் காட்டினார்: இப்போதே. ஜெபமணியின் கை அதை வாங்கிக்கொள்ளவில்லை. சற்றுத் தயங்கி, அவருடைய இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தது. இன்னும் இரண்டு சந்தை. சென்னியப்பன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். முகம் வேப்பமரத்துக் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மணிக்கட்டின் மேலேயே நின்றது. மாடுகள்தான் போய்விட்டனவே, நீங்களும் ஈ வலைக்குள் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அந்தக் கை ஒரு நியாயத்தையும் சேர்த்து வைத்திருக்கக்கூடும். நல்ல பேரம். வாழ்நாளில் இப்படி ஒரு பேரத்தை அவர் விட்டதில்லை.

பூசாரிபாளையத்துக் குழந்தையை அவர் பார்த்ததில்லை. யாரோ ஒரு தாய் அதன் உள்ளங்காலில் விரலால் கோடு போட்டுப் பார்த்திருப்பாள். அது கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கும்.

அவர் கையை உருவி, பாட்டிலைத் திறந்து, சொன்ன விலைக்கே வாங்குகிறவன் மாதிரி ஒரே மடக்கில் குடித்தார். தித்திப்பாக இருந்தது. இந்த முறை துப்பவில்லை.

ஜெபமணியின் கை துண்டுக்குள்ளேயே கிடந்தது. எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

சென்னியப்பன் எழுந்து வீட்டுக்குள் போகப் பார்த்தார். அரைநாள் இருக்கிறது, அதைப் பாவாயியிடம் செலவழிப்பதுதான் முறை. அவள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியை விடவில்லை.

"எங்கிட்ட வந்து என்ன பண்றதுங்க. எனக்கு அதுவும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான். அவருக்குத்தான் தெரியும். போய் அவருகிட்ட உக்காருங்க."

அவள் இறங்கி வந்தாள். கணவனைத் தோளில் அழுத்தித் தொட்டி விளிம்பில் உட்காரவைத்து, அவர் கையை எடுத்து ஜெபமணியின் கையின் மேல் வைத்து, விலகிக் கிடந்த துண்டை இழுத்து மூடினாள். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் முதுகு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். விரல் எதையும் சொல்லவில்லை. சொல்வதற்கு மாடும் இல்லை. வெயில் ஏறியது. பாவாயி சோளச் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இடதுகையால் சாப்பிட இருவருக்கும் வரவில்லை, ஆகவே சாப்பிடவில்லை. ஜெபமணியின் கட்டைவிரல் அவர் மணிக்கட்டின் மேல் போய்வந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். சாணித் தரையின் சூடு, தண்ணீர்த் தொட்டியின் ஈரம், அந்த விரலின் சொரசொரப்பு. நிழல் தொட்டியைத் தாண்டியபோது சொரசொரப்பு முதலில் போனது. பிறகு விரல் போகிற திசை தெரியவில்லை. பிறகு அது போகிறதா நிற்கிறதா என்பதே தெரியவில்லை. துண்டு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி," என்றார் ஜெபமணி, காக்கையைப் பார்த்துக்கொண்டே. "இன்னும் தெரியுதா?"

"தெரியுதுங்க," என்றார் சென்னியப்பன்.

துண்டுக்குள் அவர் கை அசையாமல் கிடந்தது. ஒரு நூல்கூட முன்னே வரவில்லை, பின்னே போகவில்லை. ஜெபமணிக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. இந்த நாட்டில் அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவருக்குச் சம்பளம்.

"சரி அண்ணாச்சி," என்றார் அவர். எதிர்விலை சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.